பதினோராவது ஆள்

கரூர்க்காரி லாவண்யாவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் படம் போட்ட தபால் அட்டை எங்கே கிடைத்தாலும் விடமாட்டாள். வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஒரு டீ கம்பெனி, உள்ளூர் அணி ஒன்றைப் படம்பிடித்து விளம்பரத்துக்காக ஆளுக்கொரு அட்டை போட்டிருந்தது. எல்லாவற்றிலும் ஓரமாகப் பச்சை வெற்றிலைக்கொடி, பின்னால் வரைந்த தூண். அதில் பத்து பேர் அவளுடைய ஐயப்பன்தாங்கல் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். விக்கெட் கீப்பர் ரத்தினவேலு மட்டும் கண்ணாமூச்சி காட்டிக்கொண்டிருந்தார். மற்ற அட்டைகளின் பின்னால் அவர் பெயர் இருந்தது, முகம்தான் சிக்கவில்லை.

ஆடி அமாவாசையன்று ஆபீஸ் தோழி சௌம்யா ஆவடி குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். போனவள் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மாலை போட்ட படம். நெற்றியில் சந்தனம், குங்குமம். எதிரே இலையில் வடை, பாயசத்தோடு படையல். படத்தின் ஓரத்தில் பச்சை வெற்றிலைக்கொடி! மாலைக்குக் கீழே தடித்த கையுறை ஒன்று எட்டிப் பார்த்தது.

"எங்க தாத்தா" என்றாள் சௌம்யா. "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

லாவண்யாவுக்குச் சந்தேகமே இல்லை, இது விக்கெட் கீப்பர் ரத்தினவேலுதான். உண்மையைச் சொன்னால் இந்த வீட்டுக்குத் தாத்தா இல்லை. சொல்லாவிட்டால் அவளுக்குப் பதினோராவது ஆள் இல்லை. வெட்கத்தை விட்டு அந்த அட்டைக்கு ஆசைப்பட்டாள்.

சௌம்யாவின் அப்பா காக்காவுக்குச் சோறு வைக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தார். அம்மா நாகம்மா வந்தவளையே கவனித்தாள்.

"இன்னாமா அப்டி பாக்குற? ஆளத் தெரியுமா?"

பொய் வரவில்லை. "தெரிஞ்சவர் மாதிரி இருக்காருங்க."

நாகம்மா வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது எங்க மாமனாரு இல்லமா. அவரு மூட்ட தூக்குனவரு, எங்க போய் போட்டோ எடுத்தாரு? அவரு செத்தப்புறம் எங்க ஊட்டுக்காரரு மூர் மார்க்கெட்ல இந்த அட்டையப் பாத்துட்டு, அப்பா மூஞ்சி அப்டியே கீதுன்னு அழுதுகினே வாங்கியாந்தாராம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா!" என்றாள் சௌம்யா.

"நீ கேட்டியா? தாத்தா கையில இன்னாத்துக்கு இம்மாம் பெரிய கிளவுசுன்னு ஒரு நாளாவது கேட்டியா?" நாகம்மா லாவண்யா பக்கம் திரும்பினாள். "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இவருக்குச் சோறு போடுறேன். பேரு தெரியாமலே போடுறேன். தெரிஞ்சா சொல்லுமா."

"ரத்தினவேலுங்க. கிரிக்கெட்ல விக்கெட் கீப்பர்."

நாகம்மா உள்ளே போய் இன்னோர் இலை கொண்டுவந்தாள். முதல் இலைக்குப் பக்கத்தில் விரித்துச் சோறு வைத்தாள். "இத்தினி நாளு மாமனார் இலையிலயே பங்கு போட்டுகினு இருந்துகீறாரு, பாவம்."

அட்டை இனி தன் கைக்கு வராது என்று லாவண்யாவுக்குப் புரிந்துவிட்டது. வருத்தமாகத்தான் இருந்தது. இவரோடு ஆடிய மற்ற பத்து பேரும் தன்னிடம் இருப்பதை மெல்லச் சொன்னாள்.

"எங்க கீறாங்க?"

"பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு பீரோவுல பூட்டி வெச்சிருக்கேங்க."

நாகம்மா கரண்டியோடு நிமிர்ந்தாள். "பத்து பேரும் பட்டினியாவா? அடுத்த அமாவாசைக்கு இட்டாந்துடு."