முகத்தட்டுக்கு இரண்டு திருகாணி

1

புகார் சொல்லப் போன இடத்தில்தான் இந்தக் கதை கிடைத்தது. மறைப்பானேன். நான்கு நாட்களாக மேல்வீட்டிலிருந்து பசை நாற்றம். எழுத உட்கார்ந்தால் தலை சுற்றியது. (எழுத வராததற்கு ஒரு காரணம் கிடைத்ததில் உள்ளூரச் சந்தோஷம்தான்.) மாடியேறிக் கதவைத் தட்டினேன். திறந்தது ஒரு போர்வீரன். இடுப்புக்கு மேலே கவசம், கீழே பூப்போட்ட பைஜாமா. தலைக்கவசத்துக்குள்ளிருந்து, "அப்பா வேலைக்குப் போயிருக்காருக்கா" என்று ஒரு பெண்குரல் வந்தது.

வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்: "அவள் தன் முகத்தை இழந்த அன்று மழை..."

வேண்டாம். மழையும் பெய்யவில்லை, முகத்தையும் யாரும் இழக்கவில்லை.

2

நடந்தது இதுதான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். வருகிறவர்களின் மூக்குத்தண்டுக்கும் காதுமடலுக்கும் ஏற்ப ஃபிரேமை வளைத்துக் கொடுப்பாள். ஒருநாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது கடைவாயில் தானாக ஒழுகியது. முகவாதம். சில மாதங்களில் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். பெரும்பாலும் சரியாகவும் ஆனது. சிரித்தால் மட்டும் இடப்பக்க உதடு சற்றுத் தாமதித்து வந்து சேர்ந்தது. கடையிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலைக்கண்ணாடி. அவள் திரும்பப் போகவில்லை. எட்டு மாதங்களாக மருத்துவரைப் பார்க்க மட்டும் படியிறங்கினாள், அதுவும் மாஸ்க் போட்டுக்கொண்டு.

வீட்டில் அப்பா மட்டும். லிஃப்ட் மெக்கானிக். சிக்கிக்கொண்ட லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் வெளியிலிருந்து தைரியம் சொல்லத் தெரிந்த மனிதருக்கு, மகளிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நகர மன்றத்தில் மாறுவேடப் போட்டி என்று ஒரு அறிவிப்பு அவள் கண்ணில் பட்டது. கவசம் போட்டால் முகம் தெரியாது. பெயர் கொடுத்துவிட்டாள். கவசம் செய்ய அப்பா ஆறு ஃபோம் பாய்களைத் தோளில் சுமந்து வந்து கூடத்தில் போட்டார். அவள் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டி, முதுகுப்பக்கம் வெட்டி உரித்தார். அதுதான் அளவு. அதை வைத்துப் பாயை வெட்டினார்கள். சூடான காற்றைக் காட்டி முழங்காலில் வைத்து அழுத்தினால் பாய் உடம்பின் வளைவுக்கு வந்துவிடும். கறுப்பு பூசிக் காயவைத்து, மேலே வெள்ளி நிறத்தைத் தொட்டும் தொடாமலும் இழுத்தாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் இரும்பேதான்.

3

சிக்கல் முகத்தட்டில் வந்தது. தலைக்கவசத்தின் முன்பக்கத்தை அவள் முழுசாக மூடி ஒட்டியிருந்தாள். பார்க்க ஒரு கீற்று மட்டும், அதன்மேலும் பிளாஸ்டிக் தாள். ஐந்தே நிமிடத்தில் உள்ளே மூச்சு படிந்து கண் மறைத்தது. அலமாரியில் போய் மோதினாள். திறந்து மூடுகிற மாதிரி வைக்கலாமே என்றார் அப்பா. மூடியே இருக்கட்டும் என்றாள்.

மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவர் கத்தியை எடுத்து முகத்தட்டை அறுத்துத் தனியே எடுத்துவிட்டார்.

[இந்த இடத்தில் "மகளின் பயத்தையே அறுத்தெடுத்தார் அந்தத் தந்தை" என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே மெச்சிக்கொண்டேன். பிறகு அடித்துவிட்டேன். அவள் மெச்சவில்லையே.]

ஈரத்தலையோடு வந்து பார்த்தவள், "கேட்டிருக்கலாம்ல" என்றாள். அவ்வளவுதான். மூன்று நாட்கள் அந்த வீட்டில் பேச்சில்லை. பசை வாசனை நின்றுபோனது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லை.

நான்காம் நாள் அவர் அவள் அறை வாசலில் வந்து நின்றாராம்.

"மூச்சு முட்டுமேன்னு பயந்துட்டேன்மா. ஆனா கேக்காம செஞ்சது தப்பு. புதுசா ஒண்ணு ஒட்டித் தரேன். மூடியே."

அவள் அறுபட்ட முகத்தட்டைக் கையில் எடுத்துப் புரட்டினாள்.

"வேணாம்ப்பா. கீல் வைக்கலாம். ஆனா நான் திறந்தா திறக்கணும், நான் மூடினா மூடணும். எங்க நிறுத்துறேனோ அங்க நிக்கணும்."

அவர் கொண்டுவந்த கதவுக் கீலை மாட்டினால் கனம் தாங்காமல் தலையே முன்னால் சாய்ந்தது. அப்போதுதான் அவள் எட்டு மாதங்களாகத் தொடாத வேலைப்பெட்டியைத் திறந்தாள். பழைய ஃபிரேம்களிலிருந்து இரண்டு கீல்களைக் கழற்றி, பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, கடுகளவு திருகாணியால் முடுக்கினாள். அப்பா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனை சுற்று முடுக்கினால் தட்டு விழாமல் நிற்கும் என்பது அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது.

4

இதுவரை எழுதியதை அவளிடமே கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"ஏன்க்கா என்னை இவ்ளோ பாவமா எழுதியிருக்கீங்க? தோள்பட்டைய நாலு தடவை பிரிச்சு ஒட்டினேன். அதைப் பத்தி ஒரு வரிகூட இல்ல."

(சேர்க்கை: கையைத் தூக்கினால் தோள்பட்டை காதில் இடித்தது. நான்கு முறை பிரித்து ஒட்டினாள். ஐந்தாம் முறை தூக்கியபோது இடிக்கவில்லை. அன்று தனியாகச் சிரித்தாளாம், உதட்டைப் பற்றி நினைக்காமலே.)

கடைசிப் பக்கத்தில் இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் மேடையில் முகத்தட்டை உயர்த்துகிறாள், மன்றமே எழுந்து நிற்கிறது. இன்னொன்றில் திங்கட்கிழமை கடைக்கு வேலைக்குத் திரும்புகிறாள். இரண்டையும் என் பென்சிலாலேயே அடித்தாள். "நான் இன்னும் போகவே இல்லையேக்கா" என்றாள்.

5

இன்று காலை பத்து மணிக்குப் போட்டிக்குப் புறப்பட்டார்கள். அப்பா அவளுக்கு ஒரு படி கீழே, பின்னோக்கி இறங்கினார். கை இரண்டும் விரிந்திருந்தன, அவளைத் தொடவில்லை. வாசலில் அவருடைய வேன். கதவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது: முதுகுத்தட்டு மடங்காது, இந்தக் கவசத்தோடு உட்காரவே முடியாது. நாங்கள் மூன்று பேருமே அதை யோசித்திருக்கவில்லை. கழற்றிவிட்டு அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாமே என்றார் அப்பா.

"நடக்கலாம்ப்பா. இருபது நிமிஷம்தானே."

வேனைப் பூட்டிவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு அவரும் கூட நடந்தார்.

நான் படியேறி என் வீட்டு ஜன்னலுக்கு ஓடினேன். இரண்டாம் மாடியிலிருந்து பார்த்தால் தலைக்கவசத்தின் உச்சியும் வெயிலில் மின்னும் தோள்களும்தான் தெரிகின்றன. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒருவர் கையசைக்கிறார். அவள் நின்று, கையை முகத்தட்டுக்குக் கொண்டுபோகிறாள். உயர்த்தவா, இறக்கவா, மூக்குக்குக் கொஞ்சம் காற்று விடவா? எனக்குத் தெரியவில்லை. சத்தியமாக இங்கிருந்து தெரியவில்லை.

இதைப் படிக்கும் நீங்களோ கீழே, தெருவில் நிற்கிறீர்கள். அவள் உங்களை நோக்கித்தான் வருகிறாள்.