ஏன் என்று ஒரு வரி

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. சண்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சாம்பார் ஆறுகிற அளவுக்கு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று என் மனைவி ஹேமலதாவிடம் கேட்டேன்.

"உங்க கதையும் அப்டித்தாங்க. ஓடுது. வேற யாராச்சும் தொட்டா உழுந்துடும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி:

ஆரணியில் பொழுது விடிவதே தறிச் சத்தத்தில்தான் என்று

வேண்டாம். "நம்ம தெருவுல மிக்சி சத்தந்தான கேக்குது?" என்று ஹேமா கேட்டுவிட்டாள். உண்மைதான்.

2

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். ஹேமா எழுதியிருப்பது ஒரு பிளக்-இன். பட்டுச் சேலைக் கடைகளின் இணையதளத்தில் செருகிவைக்கும் சின்ன மென்பொருள். கைத்தறிப் பட்டில் அச்சு அசலாக இன்னொன்று கிடைப்பது அரிது. ஒருவர் ஒரு சேலையைத் தேர்ந்தெடுத்து வீட்டில் கலந்து பேசுவதற்குள் இன்னொருவர் அதைத் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. அதற்காக அரை மணி நேரம் அந்தச் சேலையை அவருக்கென்று பிடித்துவைக்கும், பிறகு விட்டுவிடும். வேலை அவ்வளவுதான்.

ஹேமாவுக்கு இப்போது நிறைமாதம். பிரசவத்துக்குக் கண்ணமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். போகும்போது போனை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அவள் திரும்பும்வரை பிளக்-இன்னைக் கிரண் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரண் கூட வேலை செய்பவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கெட்டிக்காரன். அவள் எழுதியதைப் படித்துவிட்டு, "ஹேமா, இத முழிச்சிகினு எழுதுனியா, தூங்கிகினு எழுதுனியா?" என்று கேட்டவனும் அவன்தான்.

ஆகவேதான் இந்தச் சுத்தம் செய்தல். ஒரே வேலையை மூன்று இடத்தில் எழுதியிருந்ததை ஓர் இடத்துக்குக் கொண்டுவந்தாள். பெயரில்லாதவற்றுக்குப் பெயர் வைத்தாள். நிரலில் வேறெங்கிருந்தும் கூப்பிடாததுபோல் தெரிந்ததை அழித்தாள்.

[இந்தக் கதையின் முதல் வரைவில் இங்கே முத்துவேல் என்று ஒரு பக்கத்து வீட்டுப் பெரியவர் இருந்தார். என்னைத் திருத்துவதற்காகவே நடமாடும் ஞானி. "இவர எங்கியும் கூப்பிடவே இல்லையே, எதுக்கு வெச்சிகினு இருக்கீங்க?" என்றாள் ஹேமா. நீக்கிவிட்டேன்.]

3

அப்படி அழிக்கும்போது ஒரு மூலையில் ஏழு ஜோடி எண்கள் அகப்பட்டன. மேலே 'தற்காலிகம்' என்று மட்டும் பெயர். எழுதியவள் அவள்தான். எதற்கு என்று அவளுக்கே நினைவில்லை.

"இன்னாங்க இது, ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்லாம?"

"எனக்கென்ன தெரியும், நான் களம்பூர் ரைஸ் மில்லுக்காரன்" என்றேன்.

அழித்தாள். பிளக்-இன் சரியாக ஓடுகிறதா என்று தானாகப் பார்க்கும் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. சந்தோஷத்தில் எனக்கும் சேர்த்து ஹார்லிக்ஸ் கலக்கினாள்.

4

வெள்ளிக்கிழமை காலை ஸ்வர்ணலதா அக்கா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். எங்கள் தெருமுனைப் பட்டுக்கடை அவருடையது. ஹேமாவின் பிளக்-இன்னை முதன்முதலில் வாங்கியவர்.

[முத்துவேலை நீக்கிவிட்டதால் அக்காவுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. நானே எழுந்து கொடுத்தேன். ஒன்றை அழித்தால் இப்படித்தான் வேறெங்காவது ஏதாவது தொங்கும்.]

"கல்யாணப் பொண்ணோட அம்மா காலைல மாம்பழ மஞ்சள் சேலைய எடுத்து வெச்சாங்க ஹேமா. இப்ப பாத்தா வேலூர்ல எவங்களோ வாங்கிட்டாங்க! அந்தம்மா போன்ல அழுவுறாங்க. ஒரே பேஜாரு!"

"அரை மணி நேரத்துல பணம் கட்டலியாக்கா?"

"எப்டிம்மா கட்டுவாங்க? ராகு காலம். தாண்டி கட்டலாம்னு இருந்தாங்க."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தோம். வெள்ளி, பத்தரையிலிருந்து பன்னிரண்டு. ஏழு ஜோடி எண்கள், ஏழு கிழமை. ராகு காலம் தாண்டும்வரை சேலையை விடாமல் பிடித்துவைத்திருந்தவை அந்த எண்கள்தான்.

"நாந்தான அப்போ உன்னக் கேட்டு போட வெச்சேன்?" என்று அக்கா வாயில் கைவைத்தார். "எனக்கே மறந்துபூட்ச்சே!"

ஹேமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நான் எழுதுனது எனக்கே புரியல. கிரணுக்கு எப்டிங்க புரியும்? நான் எப்டி போனை ஆஃப் பண்ணிட்டு போவேன்?"

அவள் கண் கலங்கி நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்குத் துக்கமாக இருந்தது. ஓடுகிறதே என்று சொன்ன என் வாயை நானே சபித்துக்கொண்டேன்.

5

இனிச் சேலையின் முடிவு. மூன்று எழுதினேன்.

(அ) வேலூர் அம்மா மனமிரங்கி விட்டுக்கொடுத்தார். அழகாக இருக்கிறது, ஆனால் பட்டுச் சேலையில் யார் மனமிரங்குவார்கள்?

(ஆ) மணப்பெண் வேறு சேலை கட்டி, அதிலேயே இன்னும் அழகாக

இதை எழுதும்போதே கொட்டாவி வந்தது.

(இ) உண்மையில் நடந்தது. நம்புவது உங்கள் பாடு. வேலூரில் சேலை வாங்கியவரின் மாமியார் போனில் வந்த ரசீதைப் பார்த்திருக்கிறார். "வெள்ளிக்கிழமைல, பதினோரு மணிக்கா பட்டு வாங்குன? ஜல்தியா கேன்சல் பண்ணு!" பன்னிரண்டு அடிப்பதற்குள் சேலை கடைக் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. அக்கா அதைக் கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கென்று ஓரமாக எடுத்துவைத்தார்.

அன்று மதியம் ஹேமா அந்த எண்களைத் திரும்ப வைத்தாள். இம்முறை 'ராகு காலம்' என்று பெயர், பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி. கிரண் வந்து, ராகு காலத்தில் சேலை கைவிட்டுப் போகிறதா என்று பார்க்க ஒரு சோதனையும் சேர்த்தான். பிறகு இருவரும் மேலிருந்து கீழ்வரை போனார்கள். புரியாத இடத்திலெல்லாம் அவன் "ஏன்?" என்றான், அவள் ஒரு வரி எழுதினாள். கேலி செய்துகொண்டே செய்தார்கள். நான் பஜ்ஜி போட்டேன்.

6

ஹேமா கண்ணமங்கலம் போய்விட்டாள். போனை அணைத்துவிட்டுத்தான் போனாள். எனக்கு மகிழ்ச்சி, கொஞ்சம் எரிச்சலும். நான் கூப்பிட்டாலும் எடுக்க முடியாதபடிதானே அணைத்துவிட்டாள்!

நேற்று ஒரு கடைக்காரர் எமகண்டத்தையும் சேர்க்கச் சொன்னாராம். கிரண் யாரையும் கேட்கவில்லை. அவனே சேர்த்து, பக்கத்தில் ஏன் என்று ஒரு வரியும் எழுதிவிட்டான்.

கண்ணமங்கலத்திலிருந்து என் மாமியார் கூப்பிடுவார் என்று காத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை. ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். மாற்றுங்கள், வெட்டுங்கள், முத்துவேலைக்கூடத் திரும்ப அழையுங்கள். ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி மட்டும் எழுதிவிடுங்கள்.

ஒரே ஓர் இடத்தை மட்டும் தொடாதீர்கள். ஊருக்குப் போகுமுன் இந்தக் கோப்பின் அடியில் ஹேமா எழுதிவைத்திருப்பதை இப்போதுதான் பார்த்தேன்:

[கீழே இருக்கும் காலி இடம் வேண்டுமென்றே விட்டது. இந்த வீட்டுக்கு இன்னொருவர் வரப்போகிறார். யாரும் அழிக்க வேண்டாம். – ஹே.]