மாடிக்குப் போகாத தண்ணீர்

பெரிய டாக்டர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் கட்டட இன்ஜினியர். இடப்பக்கம், ஃபைலை மடியில் வைத்தபடி ஹெட் கிளார்க். மாடியிலுள்ள பிரசவ வார்டு சிஸ்டருக்குச் சுவரோரம் ஒரு ஸ்டூல். தோட்டக்காரர் கதவருகே நின்றார்.

ஆஸ்பத்திரியைப் பார்வையிட டைரக்டர் வரப்போகிறார். அதற்குள் வாசலில் வெடித்துக் கிடக்கும் வெற்று மண்ணைப் பச்சைப் புல்தரையாக்க வேண்டும். அதுதான் அன்றைய பேச்சு.

“விதை தூவிடலாங்க. ஆனா முளைக்கிற வரைக்கும் மேல்மண் காயவே கூடாது. இந்த வெயில்ல, ஊத்திட்டுத் திரும்பிப் பாக்குறதுக்குள்ள உறிஞ்சிடும்” என்றார் தோட்டக்காரர்.

“தண்ணிக்கு எங்கய்யா போறது? தொட்டியே அரைகுறையாத்தான் நிறையுது” என்றார் இன்ஜினியர்.

ஹெட் கிளார்க்கிடம் எதற்கும் ஒரு வழி இருக்கும். “பகல்ல மாடிக்குப் போற வால்வை மூடிட்டாப் போச்சு சார்.”

சிஸ்டர் எழுந்தே விட்டார். “மேல பிள்ளை பெத்தவங்க இருக்காங்க சார்!”

“பொறந்த குழந்தைங்க என்ன, வந்ததும் வராததுமா துணி துவைக்கவா போகுதுங்க சிஸ்டர்?” என்றார் ஹெட் கிளார்க்.

ஆண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது.

முதல் தடவை, ஹோஸ் குழாயின் வேகத்தில் விதையெல்லாம் அடித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் ஒதுங்கியது. மறுபடி தூவி, ஈரச்சாக்கு விரித்து, பூவாளியால் நனைத்தார்கள். வால்வு மூடியிருந்த நாட்களும் நீண்டன. நோயாளிகளின் உறவினர்கள் கீழே வந்து வாளியில் பிடித்துப் படியேறினார்கள்.

சாக்கை எடுத்த காலை, மண்மேல் பச்சை மெல்லிசாகப் படர்ந்திருந்தது. ஹெட் கிளார்க் குனிந்து, குழந்தையின் தலையைத் தடவுவதுபோல் தடவிப் பார்த்தார்.

அன்று மத்தியானம், படியில் தளும்பிக் கிடந்த தண்ணீரில் வழுக்கி, ஓர் அம்மா வாளியோடு உருண்டார். மகளின் பிரசவத்துக்குத் துணையாக வந்தவர். தலையில் அடி. மாலைக்குள் உயிர் போய்விட்டது.

“அவங்க கவனக்குறைவுன்னு டைரக்டருக்கு எழுதிடுங்க” என்றார் பெரிய டாக்டர்.

விவரம் கேட்க ஹெட் கிளார்க் மாடியேறினார். மகளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“சார், எங்கம்மாவைப் பாத்தீங்களா? பாப்பா துணி அலசணும், தண்ணி கொண்டாறேன்னு போச்சு. முழங்கால் வலி அதுக்கு. எங்கயாவது உக்காந்திருக்கும். படியேற வேணாம்னு சொல்லுங்க சார். துணி கிடக்கட்டும்.”

எதற்கும் வழி வைத்திருந்தவர், வந்த விவரத்தைக் கேட்காமலே திரும்பினார். இறங்கிப்போய், தன் கையாலேயே வால்வைத் திறந்தார். பிறகு மேசைக்கு வந்து, வால்வை மூடச் சொன்னது தான்தான் என்பதிலிருந்து தொடங்கி நடந்ததை நடந்தபடியே எழுதினார்.

படித்த பெரிய டாக்டர் பதறினார். “உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியாய்யா? வால்வை வேற திறந்துட்டே. புல்லு கருகிடுமே!”

“கருகட்டும் சார். பாக்க வர்றவர் கண்ணு குளிரணும்னு, உள்ள இருக்கறவங்களைத் தண்ணிக்கு அலைய விட்டோம். மனுஷங்களுக்குப் போக மிஞ்சினாத்தான் சார் புல்லுக்கு. இது என் மண்டையில ஏற ஒரு உயிர் போக வேண்டியிருந்துச்சு.”

கடிதத்தை உறையிலிட்டார். பசை காய்ந்து கிடந்தது. தன் குடிதண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் குழைத்து ஒட்டினார்.

புல்லைச் சுற்றிக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டிக்கு நடந்தபோது, மாடியிலிருந்து ஓர் அலறல் கேட்டது. சிஸ்டர் சொல்லிவிட்டார். ஹெட் கிளார்க் திரும்பிப் பார்க்கவில்லை. கடிதத்தை உள்ளே போட்டார்.