ஈரக் கான்கிரீட்டில் மச்சான்

"டேய், அசையாதடா!"

பலகை மேல் ஓடிக்கொண்டே கத்தினார் காண்ட்ராக்டர்.

கிடங்குத் தரையின் நட்டநடுவே, அப்போதுதான் கொட்டி முடித்த ஈரக் கான்கிரீட்டில், ரப்பர் பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தான் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி, கம்பி வேலைக்கு மேற்பார்வை. தரையைச் சமன் செய்யும் ரோபோ உறுமிக்கொண்டே அவனை நெருங்கியது. மோதப் போகிறது என்ற நொடியில் நின்றது. சிவப்பு லேசர் அவனை உச்சியிலிருந்து பாதம் வரை தடவியது.

"தூண். நன்றி," என்றது இனிமையான பெண் குரல்.

அவனைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் வேலையைத் தொடர்ந்தது.

காண்ட்ராக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"உன்ன யாருடா உள்ள போகச் சொன்னா?"

"சும்மா, அளவு பாக்கலாம்னு மாமா..."

"அளவு பாக்குற மூஞ்சியப் பாரு! வெளிய வாடா!"

மச்சான் ஒரு காலைத் தூக்கினான். அவ்வளவுதான். சைரன் அலறியது. ரோபோ நின்றது. சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்த பேட்டரி டிரில் பாதித் துளையில் மூச்சை நிறுத்தியது. கான்கிரீட் வெட்டும் ரம்பமும் அடங்கியது.

"தூண் நகர்கிறது. கட்டடம் ஆபத்தில் உள்ளது. தயவுசெய்து அனைவரும் வெளியேறவும்."

மச்சான் பதறிப்போய்க் காலை இறக்கினான். எல்லாம் மறுபடி ஓட ஆரம்பித்தன.

வாடகைக்கு எடுத்த அந்தப் புதுக் கருவிகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே மூளை. வந்த அன்றே ஆட்கள் அந்தக் குரலுக்குச் 'சம்பந்தியம்மா' என்று பேர் வைத்துவிட்டார்கள். பேச்சில் மரியாதை குறையாது. என்ன செய்தாலும் ஒரு குறை மட்டும் மிச்சம் இருக்கும்.

கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது. இறுகுவதற்குள் தரை முழுக்கச் சமனாகிவிட வேண்டும். பாதியில் நின்றால் மேடும் பள்ளமுமாகக் கல்லாகிவிடும். மொத்தத்தையும் உடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காண்ட்ராக்டர் பிடித்த முதல் பெரிய வேலை இது. இதில் சொதப்பினால் இனி கக்கூஸுக்குத் தளம் போடக்கூட ஒருத்தன் கூப்பிட மாட்டான்.

கருவிகளோடு வந்திருந்த ஆபரேட்டர் பெண் டேப்லெட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, அது தூண் இல்ல, என் பொண்டாட்டியோட தம்பின்னு அதுகிட்ட சொல்லேன்."

"உறவுமுறை சொல்றதுக்கு இதுல வழியே இல்ல சார்."

"அப்ப அந்தத் தூண அழிச்சிரு."

அழிக்கப் பார்த்தாள். சம்பந்தியம்மா கனைக்காத குறை.

"கூரையின் பாரத்தைத் தாங்க மாற்று முட்டுக் கொடுத்த பிறகே தூணை அகற்ற இயலும்."

காண்ட்ராக்டர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் வெறும் வானம்.

"எந்தக் கூரைம்மா?"

"வரப்போற கூரை சார்."

"விடுங்க மாமா," என்றான் மச்சான். "வேலை முடியட்டும். நான் இங்கயே நின்னுக்கறேன்."

காண்ட்ராக்டருக்கு நெஞ்சு இளகிவிட்டது. வீட்டில் சோபாவை விட்டு எழுந்திருக்காத பயல்!

அந்த நேரம் பார்த்து ரோபோ மறுபடி அவனிடம் வந்தது. பக்கவாட்டிலிருந்து ஒரு கையை நீட்டி, நுனியிலிருந்த குட்டிச் சுத்தியலால் அவன் இடுப்பில் 'டொக்' என்று தட்டியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"தூண் வலுவாக இல்லை. இருக்க வேண்டியதை விட ஒல்லியாகவும் உள்ளது."

"ஒல்லியா? மூணு வேளையும் என் வீட்டுலதாம்மா தின்னுது இந்தத் தூணு!"

"தூணுக்கு நீராற்றுதல் தொடங்குகிறது," என்றது சம்பந்தியம்மா.

தண்ணீர் பீய்ச்சியது. பிறகு, புதுத் தூணுக்குச் செய்வதைப் போலவே, நனைந்த சாக்கை எடுத்து அவனைச் சுற்றிச் சுற்றிக் கட்டியது. முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

காண்ட்ராக்டரின் போன் அடித்தது. மனைவி.

"என் தம்பி எங்க? போன எடுக்கவே மாட்டேங்கறான்."

"கை வேலையா இருக்கான். இன்னிக்கு மாதிரி அவன் என்னிக்குமே உறுதியா நின்னதில்ல, தெரியுமா?"

"வெயில்ல நிக்க வெச்சுட்டீங்களா?"

"சேச்சே! நல்லா குளிர்ச்சியா சுத்தி வெச்சிருக்கேன்."

வெயில் சாயும் வரை அவன் இமை தவிர எதையும் அசைக்கவில்லை. கடைசி மூலையையும் இழைத்துவிட்டு ரோபோ ஒதுங்கி நின்றது.

"தரை முடிந்தது. வாழ்த்துகள்."

கண்ணாடி மாதிரிப் பளபளத்தது தரை. காண்ட்ராக்டர் ஆபரேட்டர் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாக் கருவிகளையும் அணைக்கச் சொன்னார்.

"டேய், என் மானத்தக் காப்பாத்திட்டடா! பூட்ஸ அங்கயே விட்டுட்டுப் பலகையில ஏறி வா. அந்த ரெண்டு குழியும் கையாலயே பூசிரலாம்."

மச்சான் வரவில்லை.

"காலு மரத்துப்போச்சா? இரு, மொதல்ல இவங்க கம்பெனிய ஒரு வழி பண்றேன். உசுரோட இருக்கற மனுசனத் தூணுன்னு சொல்ற மெஷினு! அறிவு வேணாம்?"

ஆபரேட்டர் பெண் டேப்லெட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தவள், சாக்குக்குள்ளிருந்த முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"மாமா," என்றது சாக்கு. "சம்பந்தியம்மாவத் திட்டாதீங்க."

"ஏன்டா?"

"லாரியில வந்த கான்கிரீட்டக் கொட்ட ஆரம்பிச்ச பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஓடி வந்து நின்னுட்டேன்."

"என்னடா ஞாபகம் வந்துச்சு?"

"அந்த மெஷின் பிளானப் பாத்துதான் பேசிச்சு மாமா. நான் நிக்கிற எடத்துல நெஜமாவே ஒரு தூண் இருக்கணும். அதுக்குக் கம்பி கட்ட நான் மறந்துட்டேன்."