நெடில் வராத மகள்

குறிலுக்கு விரலைச் சொடுக்க வேண்டும். நெடிலுக்குக் கையை நன்றாக நீட்ட வேண்டும். ஒன்றாம் வகுப்பு டீச்சர் கண்டுபிடித்த வழி அது. 'அ' என்றால் வகுப்பு முழுக்கச் சொடுக்குச் சத்தம். 'ஆ' என்றால் பக்கத்துப் பிள்ளையின் மூக்கில் கை இடிக்கும், சண்டை வரும். ஆனாலும் இரண்டே மாதத்தில் எல்லா வாண்டுகளும் 'படம்' வேறு, 'பாடம்' வேறு என்று பிரித்துப் படித்துவிடும். தலைமையாசிரியரே எட்டிப் பார்த்து மெச்சிவிட்டுப் போவார்.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வந்தது, பெற்ற மகளுக்கு மட்டும் வரவில்லை. அந்தக் கவலைதான் டீச்சரை அரித்துத் தின்றது.

மாற்றலாகி அவள் மட்டும் இந்த ஊருக்கு வந்துவிட்டாள். மகள் அங்கே அப்பாவோடும் அத்தையோடும் இருக்கிறாள். இந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு. அத்தை பாசக்காரிதான், ஆனால் சொன்னால் சொன்னதுதான். "பாடம் படிக்கிற வரைக்கும்தான் போன். முடிஞ்சதும் சாப்பிட வந்துடணும்" என்று கறாராகச் சொல்லியிருந்தாள். அதனால் சாயங்காலம் அறைக்கு வந்து செருப்பைக் கழற்றியதுமே டீச்சர் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள்.

"அம்மா, படிக்கட்டுமா? அடு புல் தின்றது."

"ஆடு, கண்ணு. இழுத்துச் சொல்லு."

"அடு."

நாலு வரிப் பாடம் நகரவே நகராது. பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சின்னக் கையைப் பிடித்து நீட்டிக் காட்டினால் நொடியில் வந்துவிடும். பிடிக்கத்தான் கை எட்டவில்லை. நான் இல்லாததால்தானே குழந்தை தடுமாறுகிறது என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

கடைசியில் வெட்கத்தை விட்டு மகளின் டீச்சருக்குப் போன் போட்டாள்.

"நெடில் அவளுக்கு இன்னும் பிடிபடல. கொஞ்சம் தனியா கவனிச்சுக்க முடியுமாங்க?"

"யாருக்கு, உங்க பொண்ணுக்கா?" அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "நல்லா கேட்டீங்க போங்க! என் வகுப்புலயே அவதான் கடகடன்னு படிக்கிறா. மத்ததுங்க தப்பா படிச்சா அவதாங்க திருத்துறா."

டீச்சர் போனை மடியில் வைத்தாள். பாடம் முடிந்தால் அம்மா போய்விடுவாள். ஆறு வயசுக்கு அது தெரிந்திருக்கிறது. வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிறவளுக்குத் தெரியவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இப்போதே பஸ் ஏறிப் போய் அவளை வாரி அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அன்று சாயங்காலமும் மகள் ஆரம்பித்தாள். "அடு புல் தின்றது."

பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "இன்னுமா முடியல?"

என் தங்கமே, நீ எவ்வளவு நன்றாகப் படிக்கிறாய் என்று சொல்ல டீச்சருக்கு நாக்கு துடித்தது. சொன்னால் பாடம் முடிந்துவிடும்.

"தப்பு கண்ணு," என்றாள். "முதல்லேர்ந்து படி."

"சரிம்மா!" என்றாள் மகள். அவ்வளவு சந்தோஷமாக எந்தப் பிள்ளையும் திட்டு வாங்கியதில்லை.