மண்டபத்தின் முன்சுவர்

"என் படத்த எடுத்துடு புள்ள. தலைவர் சொல்றபடி செஞ்சிடு" என்றாள் வேலாயி. சொல்லிவிட்டு, பலகையில் வரைந்திருந்த தன் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

தனுஜா சோற்றுத் தட்டை நகர்த்தினாள். "உன்ன எடுத்துட்டா அது என்னம்மா படம்?"

"எடுக்கலன்னா டுவிட் கெடைக்காதுல்ல? காசில்லாம எப்புடி வரைவ?"

பிரிஞ்சாங் மலையூரில் ஸ்ட்ராபெரி பண்ணைகளுக்கு விளம்பரப் பலகை எழுதிப் பிழைப்பவள் தனுஜா. கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கும் பழங்களை வரைந்து வரைந்து அலுத்துப்போயிருந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஆறு பேரின் முகங்களைக் கல்யாண மண்டபத்தின் முன்சுவரில் பெரிதாக வரைய வேண்டும் என்பது அவள் ஆசை. கலைத் திட்டங்களுக்கு நிதி தரும் ஓர் அறவாரியத்துக்கு விண்ணப்பம் தயாராக இருந்தது. உள்ளூர் அமைப்பு ஒன்றின் ஆதரவுக் கடிதம் மட்டும்தான் பாக்கி. தோட்டத்தில் இருந்த ஒரே அமைப்பு கோயில் கமிட்டி. மண்டபமும் அதனுடையதுதான்.

கமிட்டித் தலைவர் திருமாறன் படங்களைப் பார்த்துப் பாராட்டத்தான் செய்தார். ஆனால் ஆறு பேரில் மூவர் கணவனை இழந்தவர்கள். அவர்களை நீக்கிவிட்டு வரச் சொன்னார். மூவரில் ஒருத்தி வேலாயி.

மறுநாள் வேலை முடிந்ததும் தாயும் மகளும் தலைவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி சரோஜா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் பழைய ஆளு இல்லம்மா. எம் மகளே வெளிநாட்டுல தனியாத்தான் படிக்குது" என்றார் திருமாறன். "ஆனா கல்யாணம் நடக்குற எடம்லா அது. பொண்ணு மாப்பிள்ள உள்ள நுழையறப்ப மொதல்ல கண்ணுல படுறது..." முடிக்காமல் வேலாயியைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

"அங்க ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எங்கம்மாதானே அங்கிள் சமைக்கிறாங்க?"

"அது பின்னாடி. இது முன்னாடி."

திருமாறனே குரலைத் தணித்துக்கொண்டார். "சரி, ஒண்ணு செய்யி. மூணு பேருக்கும் பொட்டு வச்சு, பூ வச்சு வரைஞ்சிடு. புருஷன் இருந்தப்ப எப்படி இருந்தாங்களோ அப்படி. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

தனுஜா களைத்திருந்தாள். போன வருடமும் இந்தக் கடிதம் இல்லாமல்தான் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒரு பொட்டுதானே, தூரிகையை ஒருமுறை ஒற்றியெடுத்தால் முடிந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வேணாம்" என்றாள் வேலாயி.

தனுஜா திரும்பிப் பார்த்தாள்.

"அவரு இருந்தப்ப நான் மலைக்கே போனதில்ல தலைவரே. லோரி கவுந்து அவரு போன பெறகுதான் கொழுந்து வெட்டப் போனேன். இவளப் படிக்க வச்சது, நாங்க சாப்பிட்டது எல்லாம் இந்த வெறும் நெத்தியோடதான். பொட்டு வச்சவள வரைஞ்சா அது வேற யாரோ. அவ ஒரு நாளும் தேயிலையத் தொட்டதில்ல."

சரோஜா தலை குனிந்துகொண்டாள். திருமாறன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

விண்ணப்பம் கடிதம் இல்லாமலே போனது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தனுஜா கைப்பேசியில் அதை வாசித்துவிட்டுத் திரையை அணைத்தாள்.

"என்ன போட்டிருக்கு?"

"திட்டம் நல்லா இருக்காம். ஆனா தோட்டத்து மக்களோட ஆதரவு இல்லையாம்."

மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த வேலாயி நிறுத்தினாள். "அப்ப நாங்க யாராம்?"

தனுஜா வெளியே போய், தாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டின் பக்கச் சுவரைப் பார்த்தாள். ஈரத்தில் பாசி பிடித்திருந்தது. பண்ணை வேலையில் மிஞ்சிய பெயிண்ட் மூன்று முகங்களுக்கு வரும். அதற்கு மேல் வராது.

"தோட்ட மேனேஜர் பாத்தா சுண்ணாம்பு அடிச்சு மறைக்கச் சொல்லுவாரும்மா."

"சொல்லட்டும்லா." வேலாயி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "நீ மொதல்ல செவுத்தக் கழுவு."