பதினோரு எப்போதும்

...நூறு என்றால் சுத்தமாக நூறு, தொண்ணூற்றெட்டு இல்லை, தொண்ணூற்றொன்பது இல்லை, பதினோரு பேரும் ஒரே கட்டத்தில் டிக் அடித்து வைத்திருக்கிறார்கள், குறைகளைப் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா என்ற கேள்விக்கு எப்போதும், எப்போதும், எப்போதும் என்று பதினோரு தடவை, இதைப் பார்த்துத் துள்ளிக் குதித்திருக்க வேண்டியவள் பசை போட்டு ஒட்டியதுபோல நாற்காலியில் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளுக்கே புரியவில்லை. மணி மூன்று ஆகப்போகிறது. ஐந்து மணிக்குள் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரே ஒரு பக்கம், மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து தலைப்பை மட்டும் மூன்று தடவை மாற்றியாயிற்று. அறுவைச் சிகிச்சையில் மேற்படிப்புப் படிக்கும் இளம் டாக்டர்கள் பதினோரு பேர், அவர்களுடைய பயிற்சிக்கு ஆறு வருடமாக அவள்தான் பொறுப்பு, வருடத்துக்கு ஒரு தடவை மேலிடத்திலிருந்து சர்வே வரும், மாணவர்களுக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கு ஒன்று, யாரும் பெயர் போட வேண்டியதில்லை, பதில்களைக் கூட்டிக் கலக்கிச் சதவீதமாக்கி அனுப்பிவைப்பார்கள், அதை வைத்துக்கொண்டு எங்கே ஓட்டை, எப்படி அடைப்பது என்று துறை ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும். ஓட்டை இருந்தால் எழுதலாம். இல்லாத வருடத்தில் என்ன எழுதுவது? டீனுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை, காலையில் போனிலேயே பூரித்துப்போனார், போன வருடம் தொண்ணூற்றொன்று, இந்த வருடம் நூறு, எப்படிச் சாதித்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள் டாக்டர், மற்ற துறைகளுக்கும் அனுப்பிவைக்கிறேன், அவர்களும் கற்றுக்கொள்ளட்டும் என்றார். கற்றுக்கொள்ளட்டும்... இதையா?

தொண்ணூற்றொன்று என்பது கேட்பதற்கு நல்ல மார்க்தான், அவளுடைய மகள் பள்ளியிலிருந்து அந்த மார்க்கோடு வந்தபோதெல்லாம் வீட்டில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொண்டாடியிருக்கிறார்கள், ஆனால் பதினோரு பேரில் தொண்ணூற்றொரு சதவீதம் என்றால் பத்துப் பேர், அதாவது ஒரே ஒருத்தர் இல்லை என்று சொல்லியிருக்கிறார், சதவீதத்துக்குள் ஒளிந்துகொள்ள ஆயிரம் பேராவது வேண்டும், பதினோரு பேர் இருக்கிற இடத்தில் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒருத்தர் டிக் அடித்ததோடு நிற்கவில்லை, கீழே கருத்துகள் என்று விட்டிருந்த இடத்தில் ஒரு வரியும் எழுதியிருந்தார், ஏழாம் தியேட்டரில் கேள்வி கேட்டால் அன்றைக்குக் கையில் கத்தி கிடைக்காது, அடுத்த வாரமும் கிடைக்காது. ஏழாம் ஆபரேஷன் தியேட்டர் என்றால் துறைத் தலைவர், வேறு யாரும் அங்கே கத்தி எடுப்பதில்லை. அதைப் படித்த அன்று அவளுக்குக் கோபம் வரவில்லை, யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள், நிம்மதியாகத்தான் இருந்தது, அப்பாடா, ஒருத்தராவது வாயைத் திறந்தார்களே என்று, ஏனென்றால் இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் அவளும் அதே தியேட்டரில் மூன்று மாதம் சுவரோடு சுவராக நின்றவள், ஒரு தையல் போடக்கூட விடாமல், எந்தக் கேள்விக்காக என்பதுகூட மறந்துவிட்டது, அந்தச் சுவரின் பச்சை நிறம் மட்டும் மறக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேராக டீனிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார், பிறகு சொன்னார், “யாருன்னே தெரியாம நான் யார்கிட்ட போய் என்னன்னு கேக்கறது டாக்டர்? பேரைக் கொண்டு வாங்க, பாத்துக்கலாம்.” நியாயம்தானே என்று அவளுக்கும் பட்டது. பட்டதே, அங்கேதான் சறுக்கினாள், பெயர் இல்லாமல் கேட்டால்தான் பதில் வரும் என்று கண்டுபிடித்து ஒரு சர்வே வைத்திருக்கிறார்கள், பதில் வந்ததும் இவர்கள் பெயரைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள்.

இதே அறைதான், இதே மேஜைதான், ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள், சீனியரிலிருந்து ஆரம்பித்து, ஆளுக்குப் பத்து நிமிடம், ஒரு கோப்பை டீ, தட்டில் பிஸ்கட், கதவைச் சாத்திவிட்டு மெதுவான குரலில்... தலைவரைத் தட்டிக்கேட்கத்தான் இந்தப் பெயர் வேண்டும் என்று அவள் மனதார நம்பினாள், விசாரணை மாதிரி இருக்கக்கூடாது என்றுதான் பிஸ்கட்டே வாங்கினாள், அதுவும் க்ரீம் வைத்தது. யார் எழுதியிருந்தாலும் பரவாயில்லை, நான் உங்கள் பக்கம்தான், என்னிடம் சொன்னால் வெளியே போகாது. முதல் ஆள் இல்லை மேடம் என்றான், இரண்டாவது ஆள் சிரித்துக்கொண்டே இல்லை என்றான், ஒருத்தி பிஸ்கட்டை டீயில் முக்கியபடியே ஏழாம் தியேட்டரில் எவ்வளவோ கற்றுக்கொண்டேன் என்று ஆரம்பித்துத் தலைவரை வானளாவப் புகழ்ந்தாள், இப்படியே பத்துப் பேர். பதினோராவதாக வந்தவள் பென்சில். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள், அதனால் அந்தப் பெயர், ஒவ்வொரு ஆபரேஷன் முடிந்ததும் ஓரமாக உட்கார்ந்து ஒரு சின்ன நோட்டில் எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தத் தையல் எங்கே விழுந்தது என்று வரைவாள், அவ்வளவு சுத்தமான கை, நோட்டைப் பார்த்தபோது இவள் பெரிய ஆளாக வருவாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது, அதை அவளிடம் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இருப்பவர்களில் கடைக்குட்டி, அதனால்தான் கடைசியாகக் கூப்பிட்டாள், வேறு காரணமே கிடையாது. அவளைப் பயமுறுத்தவா சொன்னாள்? இல்லை. டீயை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, ஆறுதலாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள், “மத்த பத்து பேரும் தாங்க எழுதலேன்னு சொல்லிட்டாங்கம்மா. நீதான் கடைசி.” பென்சில் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள், அதன் முனையைப் பார்த்தாள், திரும்பச் செருகிக்கொண்டாள். “நானும் இல்ல மேடம்,” என்றாள், பிறகு, “போகலாமா மேடம்?” டீ அப்படியே இருந்தது, மேலே ஆடை படிந்து, சாயங்காலம் வரை இவள் அந்தக் கோப்பையை எடுக்காமல் விட்டுவைத்திருந்தாள், ஏன் என்று தெரியாது.

பெயரை இவள் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தை ஒரு வருடமாகப் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிறாள், பெயரைச் சொல்லவில்லை, டீன் என்ன ஆயிற்று என்று கேட்டபோது யாரும் ஒத்துக்கொள்ளவில்லை சார் என்றுதான் சொன்னாள், அதற்கு மேல் அவர் புருவத்தைத் தூக்கியபடி காத்திருந்ததால், கடைசியாக வந்த பெண் மட்டும் கொஞ்சம் தடுமாறினாள் என்றாள். அவ்வளவுதான். அது பெயரா? பெயர் இல்லையே... யாரை ஏமாற்றுகிறாய், யாரும் இல்லாத அறையில்? டீனும் தலைவரும் தினம் ஒன்றாகக் காப்பி குடிப்பவர்கள். அடுத்த மாதம் பென்சிலுக்கு ஏழாம் தியேட்டர் பணி, போனாள், நின்றாள், சுவரோடு சுவராக, முதல் வாரம் நோட்டில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள், மூன்றாவது வாரம் நோட்டைக் காணோம். இவள் அந்த வராந்தாவில் நடக்கும்போதெல்லாம் தியேட்டர் கதவின் வட்டக் கண்ணாடி வழியாக அந்த முதுகைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டேதான் நடந்தாள், உள்ளே நுழைந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? நாலாவது மாதம் ராஜினாமாக் கடிதம் வந்தது, சொந்தக் காரணங்கள் என்று இரண்டே வார்த்தை. வீட்டில் ஏதாவது பிரச்சினையாம்மா என்று இவள்தான் கேட்டாள், கேட்டதுமே அந்தப் பெண் பிடித்துக்கொண்டு ஆமாம் மேடம் என்றாள், இவளும் குடும்பம்தான் முக்கியம் என்று பெருந்தன்மையாக ஒரு கையெழுத்துப் போட்டாள். காரணத்தையும் தானே எடுத்துக் கொடுத்து அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டவள். அந்த வரியை எழுதியது பென்சில்தானா என்பதுகூட இன்றுவரை தெரியாது, பத்துப் பேரில் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், யாராக இருந்தால் என்ன, போனவள் போய்விட்டாள்.

மூன்றே முக்கால். எழுது, எழுது... போன வருடத்து ஆய்வு முடிவுகளைத் தொடர்ந்து மாணவர்கள் ஒவ்வொருவருடனும் தனிப்பட்ட முறையில் கலந்துரையாடல் நடத்தப்பட்டது, அதன் பயனாக... அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை, உண்மையிலேயே அதன் பயனாகத்தான் நூறு வந்திருக்கிறது. பத்துப் பேரும் அன்றைக்கு இந்த அறையைப் பார்த்துவிட்டார்கள், பிறகு ஏழாம் தியேட்டரையும் பார்த்துவிட்டார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழையவர்கள் என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று தெரியாதா, அந்தக் கேள்வி வந்தால் யோசிக்காதே, எப்போதும். கருத்துகள் இடத்தில் இந்த வருடம் பதினோரு பேரும் வெள்ளையாக விட்டிருக்கிறார்கள், ஒரு புள்ளிகூட இல்லை, ஒரு வருடம் முழுக்க இருபத்துநாலு மணி நேரப் பணி பார்த்தவர்களுக்குக் கேன்டீனைப் பற்றிக்கூடவா ஒரு குறை இல்லை? அதைப் பார்த்தாவது டீனுக்கு உறைக்க வேண்டாமா? உறைக்காது, நூறைத் தாண்டி அவர் கண் போகாது. மகள் வெளியூரில் விடுதியில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தோறும் இவள் போனில் கேட்பாள், சாப்பிட்டாயா, தூங்குகிறாயா, யாராவது ஏதாவது சொல்கிறார்களா, மகளும் சாப்பிட்டேன், தூங்குகிறேன், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதம்மா என்பாள், ஒரு நிமிடம் நாற்பது வினாடி, கணவன் பக்கத்திலிருந்து கிண்டல் செய்வான், “பொண்ணுகிட்ட பேசறியா, படிவம் நிரப்பறியா?” சிரித்திருக்கிறாள் அதற்கு. போன மாதம் மகள் நன்றாகத்தான் இருக்கிறதம்மா என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினாள், மூச்சு வாங்கும் நேரம்தான், இவளும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். போனை எடுத்தாள். மகளுக்கா, பென்சிலுக்கா? பென்சிலின் எண் இன்னும் இருக்கிறது. எப்படிம்மா இருக்கே என்று தட்டினாள், பார்த்தாள், அதுவும் சர்வே கேள்வி மாதிரிதான் இருந்தது, பதில் என்ன வரும் என்று இப்போதே தெரியும், நல்லாருக்கேன் மேடம். அழித்தாள். மன்னிச்சுடும்மா என்று தட்டினாள். எதற்கு என்று கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும், தடுமாறினாள் என்று நான்தான் சொன்னேன் என்று. அதையும் அழித்தாள்.

வராந்தாவில் சத்தம், நாற்காலி இழுக்கிறார்கள், அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் காலையிலேயே கேக் சொல்லிவிட்டாள், மேலே நூறு என்று எழுதச் சொல்லி, பாவம், அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நாலே முக்கால், எழுத வேண்டிய பக்கத்தில் அந்த ஒன்றரை வரிதான் நிற்கிறது, இதை அனுப்பக்கூடாது, வேறு எழுத வேண்டும், எங்களுடைய நூறு நல்ல நூறு இல்லை, இதைக் கற்றுக்கொள்ளாதீர்கள் என்று எழுதினால்... எழுதலாம், எழுதத்தான் போகிறாள், அதற்கு முன்னால் ஆசிரியர் சர்வேயை முடித்துவிட வேண்டும், அதுவும் ஐந்து மணிக்கு மூடுகிறது, அதையாவது ஒழுங்காகச் செய்வோம், இதில்தானே அவளுக்கும் பெயர் போடாமல் நாலு வார்த்தை சொல்ல இடம் இருக்கிறது. திறந்தாள். எத்தனை வருடம் பணி? இருபதுக்கு மேல். துறையில் ஆசிரியர்கள் ஒன்பது பேர், இருபதுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டே பேர், தலைவரும் அவளும். ம். ஆணா பெண்ணா? பெண். சரியாகப் போயிற்று, புகைப்படம் ஒன்றுதான் ஒட்டவில்லை. அடுத்து வேலை நேரம், அடுத்து நூலக வசதி, மளமளவென்று போனாள், அடுத்த கேள்வி, துறையில் உள்ள குறைகளைப் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா? அவள் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை, ஏழாம் தியேட்டரைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது, பென்சிலை எங்கே கொண்டுவருவது என்று வார்த்தை தேடப்போகிறாள், அதற்குள் கை எப்போதும் என்ற கட்டத்துக்குப் போய் டிக் அடித்துவிட்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். மாற்றலாம், ஒரு விரல் வேலை. யாரும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுக்கவில்லையே, எதற்காக இந்தக் கை... கதவைத் தட்டிக்கொண்டு அலுவலக அம்மாள் தலையை நீட்டினாள், கையில் கேக் வெட்டுகிற பிளாஸ்டிக் கத்தி. “கேக் ரெடி மேடம். அப்புறம், டீன் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு, சர்வே பத்தி. எட்டு பேரும் போட்டுட்டாங்களாம், நீங்கதான் கடைசி.” இதோ வருகிறேன் என்றாள், குரல் சாதாரணமாகத்தான் வந்தது, கை மட்டும் மவுஸை விட்டு எழுந்து பின்கழுத்துக்குப் போய்க் கொண்டையைத் தொட்டுப் பார்த்தது, அங்கே ஒன்றும் இல்லை.